எம்எம் 540 ஜீப்: லோ லீவர் தேய்ந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழைய மஹிந்திரா எம்எம் 540 ஓடுகிறது. கொழுந்து, உரம், மழைக்காலத்தில் ஆட்கள் என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்ன லீவர்களும் (ஒன்று நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீலுக்கு, இன்னொன்று மெதுவாக அதிக இழுவையோடு போக உதவும் லோ கியருக்கு) இப்போது தொளதொளவென்று ஆடுகின்றன. ஃபோர் வீல் சரியாக விழுகிறது, லோதான் நிற்க மாட்டேன் என்கிறது. சேற்று இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது என்ஜின் பிடிப்பு இல்லாமல், பிரேக்கை மட்டும் நம்பி இறக்க எனக்கு மனசு வரவில்லை.

தரைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு லீவர்களையும் கோர்த்திருக்கும் பின், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கிறது. உள்ளே கியரை நகர்த்தும் ராடின் வெட்டில் உட்கார வேண்டிய லீவர் முனையும் உருண்டு தேய்ந்திருக்கிறது. ஆனால் ராடை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ‘டக்’கென்று முழுசாக உட்காருகிறது. அதனால் பல்சக்கரத்தைவிட லீவர் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

பின்னை லேத்தில் கடைந்துவிடலாம். லீவர் முனையை வெல்டு வைத்து அரம் போட்டால் தாங்குமா, இல்லை கோவையில் தேடியாவது புது லீவர்தான் வாங்க வேண்டுமா? பின் போகும் லீவர் துளைக்குப் பித்தளை புஷ் (உள்வளையம்) போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டையும் ஸ்பிரிங்கையும் இதோடு சேர்த்தே மாற்றிவிடுவது நல்லதா? மலையில் இந்த வண்டியை ஓட்டுபவர்கள் சொன்னால் பெரிய உதவி. தேய்ந்த பாகங்களின் படங்களைக் கீழே போடுகிறேன்.