தீவு வைத்தியசாலைக்கு 22 லட்சம்: எதற்குச் செலவழிப்பது?

வெள்ளவத்தைத் தீவான்:

வணக்கம். கொழும்பில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு நான் பொருளாளர். ஊரின் பெயர் வேண்டாம். யாழ்ப்பாணப் பக்கம் குறிகட்டுவான் ஜெட்டியில் படகேறிப் போகும் தீவுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாகச் சேர்த்த 22 லட்சம் ரூபாய் வங்கியில் இருக்கிறது. ஊர் வைத்தியசாலைக்குச் செலவழிக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே மனம். எதற்கு என்பதில்தான் பிடுங்குப்பாடு.

போன ஞாயிறு வெள்ளவத்தையில் நடந்த கூட்டத்தில் பெரும்பான்மையினர் ஸ்கேன் மெஷின் வாங்கச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருந்து போனில் கலந்துகொண்ட ஒருவர், பெயர்ப்பலகை வைக்கக்கூடிய சாமானாக இருக்கட்டும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று அங்கே சொல்லத் தொடங்கித் தொண்டை அடைத்துவிட்டது. இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி. நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பதரைக்கு அப்பாவுக்கு நெஞ்சு நோ. வேர்த்து ஊற்றியது. லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் மெத்தையைப் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் டொக்டரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஈசிஜி எடுத்தார், அஸ்பிரினைச் சப்பிச் சாப்பிடக் கொடுத்தார், ஈசிஜித் தாளைப் படம் எடுத்து யாழ்ப்பாணத்துக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார், 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் குறிகட்டுவானில் வந்து நிற்கச் சொன்னார். எல்லாம் அரை மணித்தியாலத்துக்குள். அதற்குப் பிறகுதான் கஷ்டமே தொடங்கியது.

வாடைக்காற்று. வள்ளம் ஜெட்டியோடு நிற்காமல் ஏறி ஏறி இறங்கியது. வைத்தியசாலை ஸ்ட்ரெச்சருக்குச் சில்லு இருக்கிறது, படியில் இறக்க முடியாது. பக்கத்துக் கடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கி, அப்பாவை அதில் இருத்தி, நைலோன் கயிற்றால் கக்கத்துக்குக் கீழே சுற்றிக் கட்டி நாலு பேர் தூக்கினோம். கடைசி இரண்டு படியிலும் பாசி. முன்னால் பிடித்தவரின் செருப்பு வழுக்கியது. கதிரையின் ஒரு கால் படியில் அடிபட்டு மடிந்தது. அப்பா என் சேட்டுக் கொலரைப் பிடித்தவர் பிடித்தவர்தான், வள்ளத்தில் இருத்திய பிறகும் விடவில்லை. பதினொரு படி இறங்க இருபத்தைந்து நிமிடம். குறிகட்டுவானில் ஏற்றும்போதும் அதே பாடு. யாழ்ப்பாணம் போய்ச் சேர இரவு இரண்டு மணி தாண்டிவிட்டது.

அப்பா பிழைத்துக்கொண்டார். இப்போது என்னோடுதான் இருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போகப் பயம்.

அதனால் கேட்கிறேன். ஸ்கேன் மெஷின் உண்மையில் பயன்படுமா? அந்தப் பதினொரு படிக்கு இந்தக் காசில் ஏதாவது செய்ய முடியுமா? தீவுப்பகுதியில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை மதன்:

அண்ணா, கோபிக்காதீர்கள். இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை. இலவச சுகாதாரம் என்று சொல்லும் நாட்டில் ஜெட்டிப் படிக்கு ஊர்ச் சங்கம் காசு சேர்க்கிறது என்றால் அது எங்களுக்கு அவமானம் இல்லையா? முதலில் மாகாணத்துக்கு ஒரு மகஜர் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, உங்கள் அப்பா இருக்கிறார் என்று வாசித்த பிறகுதான் மூச்சு வந்தது. நான் இரண்டு தீவுகளில் மொத்தம் ஏழு வருடம் வேலை செய்தேன். இப்போது தெஹிவளையில் மகளோடு இருக்கிறேன்.

ஸ்கேன் மெஷினைப் பற்றி முதலில் சொல்கிறேன். மெஷின் பார்ப்பதில்லை, கைதான் பார்க்கும். ஸ்கேன் செய்யப் பழகிய டொக்டர் இருக்கும்வரை அது பொன். அவர் மாற்றலாகிப் போன அடுத்த நாள் அதற்கு மேல் ஒரு பூப்போட்ட துணி விழும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் அந்தத் துணியை மாதம் ஒருமுறை நானே தோய்த்துப் போட்டிருக்கிறேன். தீவுக்கு வரும் டொக்டர்மார் வருடக்கணக்காக இருப்பதில்லை. அவர்களைப் பிழை சொல்லமாட்டேன். குவார்ட்டர்ஸில் கிணற்றுத் தண்ணீர் உப்பு, யன்னலுக்கு வலை இல்லை, இரவில் சமைத்துச் சாப்பிட ஒரு ஒழுங்கு இல்லை. அப்படி ஓர் இடத்தில் நீங்கள் என்றால் இருப்பீர்களா? ஒரு தண்ணீர் வடிகட்டி, நல்ல மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு. இவற்றில் யாரும் பெயர்ப்பலகை அடிக்கமாட்டார்கள். ஆனால் டொக்டர் இன்னொரு ஆறு மாதம் இருப்பதும் போவதும் இதில்தான் தங்கியிருக்கும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள் தம்பி. என் காலத்தில் இரவில் கடல் கடந்த நோயாளர்களைப் பற்றி நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், எனக்காகத்தான். பிறகு ஒருநாள் இருந்து வாசித்தபோது மனம் கனத்தது. உங்கள் அப்பாவைப் போல நினையாப் பிரகாரமாக வந்தது சிலதுதான். மற்றதெல்லாம் பகலிலேயே அக்கரை போயிருக்க வேண்டியவர்கள். பிரஷர் குளிசை முடிந்து மூன்று கிழமை ஆனவர், காலில் புண் வைத்து அதைச் சொல்லாமல் இருந்த சீனி வருத்தக்காரர், நாள் கிட்டியும் வீட்டிலேயே இருந்த கர்ப்பிணி.

கர்ப்பிணிகள் விஷயம் முக்கியம். நாள் கிட்டினால் முன்கூட்டியே யாழ்ப்பாணம் போய் நில்லுங்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர் (அரசாங்க மருத்துவிச்சி) வீடு வீடாகப் போய்ச் சொல்வார். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருப்பவர்கள் போவார்கள். இல்லாதவர்கள்? ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மிஸ், அங்க போய் ஆரிட வீட்டில நிக்கிறது? இவருக்குத் தொழில், மூத்தவனை ஆர் பாக்கிறது?" அவளுக்கு நோ எடுத்தது இரவு ஒரு மணிக்கு. கடற்படைப் படகில் கொண்டுபோனோம். குறிகட்டுவான் கரை தெரிகிற தூரத்தில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தொப்புள்கொடிக்குக் கிளிப் போடும்போது படகு தூக்கிப் போட்டதை நினைத்தால் இன்றைக்கும் என் விரல் நடுங்குகிறது.

யாழ். போதனா வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறை, ஒரு குசினி வாடகைக்கு எடுங்கள். உங்கள் தீவின் கர்ப்பிணிகளும், சிகிச்சைக்கு வந்தவர்களின் ஆட்களும் தங்கட்டும். மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லுங்கள், அதுதான் பலரைத் தடுப்பது. பிரசவத்துக்குக் காத்திருக்கும் இப்படியான வீடுகளைப் பல நாடுகளில் நடத்துகிறார்கள், உலக சுகாதார நிறுவனமும் சிபாரிசு செய்திருக்கிறது. இரவில் கடக்க வேண்டிய கடலைப் பகலில் கடக்க வைத்தால் உங்கள் பதினொரு படியில் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

உப்புக்காற்று:

அண்ணா, நான் வைத்தியசாலைக் கருவிகள் திருத்துபவன். கொழும்பில் இருந்தாலும் வேலைக்கு வடக்குக்கு அடிக்கடி போவேன். தாதி அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கருவி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சில விஷயம்.

உங்கள் வைத்தியசாலை மாகாணத்தின் கீழ் வரும், யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். ஆகவே எழுத வேண்டியது பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு. நேரே கொண்டுபோய் வைத்தியசாலையில் இறக்காதீர்கள். பதிவேட்டில் ஏறாத கருவி பழுதானால் யாருக்கும் பொறுப்பில்லை. திருத்தப் போகும் எனக்கும் கையைக் கட்டின மாதிரி.

கடலோரத்தில் கருவியைக் கொல்வது உப்பு. மேலே புத்தம்புதிது போல இருக்கும், மூடியைக் கழற்றினால் சர்க்கிட் போர்ட்டில் பச்சைப் பாசி பிடித்த மாதிரிச் செம்பு பூத்திருக்கும். இரும்புச் சாமான் என்றால் துருப்பிடிக்காத உருக்கில் 304 வகை அல்ல, உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 வகை என்று கேட்டு வாங்குங்கள்.

மின்சாரம் அடுத்தது. அந்தத் தீவுகளுக்கு நீண்டகாலமாகப் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் இருந்துதான் கரண்ட். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியசக்தியும் காற்றாலையும் கலந்த மின் திட்டத்துக்கு 2022இல் இந்தியாவோடு உடன்படிக்கை ஆனது. உங்கள் தீவு அதில் ஒன்று என்றால், சோலர் வாங்க முன் வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று விசாரியுங்கள். தடுப்பூசியும், பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஒக்சிரோசினும் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். வெயிலில் நேரடியாக ஓடும் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, பற்றரி தேவையில்லை; பகலில் உறைய வைத்த குளிர் இரவு முழுக்க நிற்கும். ஒக்சிஜன் சிலிண்டர் முடிந்தால் அடுத்ததும் படகில்தான் வரவேண்டும், அதனால் காற்றில் இருந்தே ஒக்சிஜன் பிரிக்கும் மெஷின் நல்லது. 5 லீற்றர் மெஷினுக்கு ஏறக்குறைய 350 வொட் போதும், ஒரு நல்ல இன்வேட்டர் தாங்கும்.

இன்னொன்று, ஈசிஜித் தாள். அப்பாவுக்கு அன்று தாள் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். மெஷின் நன்றாக வேலை செய்யும், தாள் முடிந்திருக்கும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மெஷினின் மொடலைக் கேட்டு அதற்குப் பொருந்தும் ரோலை வாங்குங்கள், அகலம் மாறினால் ஏறாது. வெயிலில் வைத்தால் தாள் கறுத்துவிடும்.

ஓட்டியின் மகன்:

அப்பா குறிகட்டுவான் ஓட்டத்தில் இருந்தவர். சின்ன வயதில் நானும் நோயாளர்களைத் தூக்கியிருக்கிறேன். கதிரை வேண்டவே வேண்டாம், ஆள் முன்னுக்குச் சரிந்துவிடும். கூடை மாதிரி வார்த்த ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, கடலில் மீட்பு வேலைக்குப் பாவிப்பது. சில்லு இல்லை, சுற்றிவரப் பிடி, நெஞ்சுக்கும் தொடைக்கும் பட்டி. ஆறு பேர் பிடித்தால் படியில் சரிவாகவே இறக்கலாம். இரண்டு வாங்குங்கள், ஒன்று தீவில், மற்றது குறிகட்டுவானில். நோயாளிக்கும் லைவ் ஜக்கெட் போட மறக்கக்கூடாது, இரவு அவசரத்தில் அதைத்தான் எல்லோரும் மறப்பது. படிப் பாசிக்குக் காசே தேவையில்லை. கிழமைக்கு ஒருக்கால் கம்பித் தும்பால் தேய்க்க ஒரு ஆளைப் பிடியுங்கள்.

வள்ளத்தில் ஆளைக் குறுக்கே கிடத்தாதீர்கள். நீட்டுக்கு, நடுவுக்குப் பின்பக்கமாக. அணியத்தில்தான் (வள்ளத்தின் முன்பக்கம்) அடி அதிகம்.

வெள்ளவத்தைத் தீவான்:

எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளையின் கதை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதன் தம்பி, மகஜர் கொடுக்கத்தான் வேண்டும். ஜெட்டியைத் திருத்திக் கட்டுவது எங்கள் 22 லட்சத்தில் ஆகிற காரியமும் இல்லை, அது அரசாங்கம் செய்ய வேண்டியதுதான். ஆனால் மகஜருக்குப் பதில் வரும்வரைக்கும் வாடைக்காற்று அடிக்காமல் நிற்காது.

நேற்று தலைவரோடும் செயலாளரோடும் இருந்து கதைத்தேன். இரண்டு கூடை ஸ்ட்ரெச்சர், பத்து லைவ் ஜக்கெட், ஒரு வருடத்துக்கான ஈசிஜித் தாள், குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் வடிகட்டியும் யன்னல் வலையும். இவற்றுக்கு இருவரும் சம்மதம். மிச்சக் காசில் யாழ்ப்பாணத்தில் இரண்டு அறை. அதற்குத்தான் செயலாளர் தயங்குகிறார், வாடகை மாதாமாதம் போகும் காசு, முடிந்த பிறகு என்ன செய்வது என்று. நியாயமான கேள்வி. நாற்பது குடும்பம் மாதம் ஆயிரம் ரூபாய் தந்தால் ஓடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெயர் கேட்கப் போகிறேன். பணிப்பாளருக்கான கடிதத்தையும் எழுதிவிட்டேன். ஸ்கேன் மெஷின் கேட்டவர்களுக்கு இந்தப் பதில்களை அச்சடித்துக் கொடுப்பேன்.

அக்கா, ஒரு கேள்வி. அந்த அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக ஊரில் இருந்தே ஒரு அம்மாவை வைப்பதா, யாழ்ப்பாணத்தில் தேடுவதா?

ஓய்வுபெற்ற தாதி:

ஊர் ஆள்தான் தம்பி. பிள்ளைகள் தெரிந்த முகம் இருந்தால்தான் வந்து நிற்பார்கள். நாற்பதில் ஒரு பெயராக என்னுடையதையும் எழுதுங்கள், நான் உங்கள் ஊர் இல்லாவிட்டாலும்.