பிடித்த மீனைச் சுவரில் மாட்டியவர்கள் இருக்கீங்களா?

பாலக்கோட்டான்:
கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் சிக்கிய கட்லா, 11 கிலோ. வெளியூரில் ஒருவரிடம் கொடுத்துப் பாடம் பண்ணி ஹாலில் மாட்டினேன். அடுத்த சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் பார்த்தால், தலையிலிருந்து எண்ணெய் கசிந்து சுவரில் மஞ்சள் கோடு இறங்கியிருக்கிறது. கீழே பக்கத்து வீட்டுப் பூனை, அண்ணாந்தபடி. அது உட்கார்ந்திருந்த மரியாதை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றைக்கே மீனைக் கழற்றித் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டேன்.

ஓசூர் தூண்டில்:
நான் படம் எடுத்து, தையல் டேப்பால் அளந்து, மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு ஃபைபர் கிளாஸில் செய்து வாங்கினேன். எண்ணெயும் இல்லை, நாற்றமும் இல்லை. பொங்கலுக்கு வந்த மாமனார் கிட்டப் போய் விரலால் தட்டினார். டொக் டொக். "உள்ள ஒண்ணும் இல்லியே மாப்ள?" வீடே சிரித்தது. மீன் பிடித்ததே பொய் என்று ஆகிவிட்டது.

அணைக்கரை வறுவல்:
மாமனார் கேட்டது நியாயம். கட்லா கங்கைப் பக்கத்து மீன், இங்கே குஞ்சு விட்டு வளர்ப்பதே தின்னத்தான். பாலக்கோட்டாரே, பாடம் பண்ணுவது தோலைத்தான். உள்ளே இருந்த சதை எங்கே போச்சு என்று கேட்டீரா?

பென்னாகரம் பரிசல்:
வறுவல் அண்ணே, கட்லாவுக்குச் சரி. காவிரியின் பெரிய ஆற்று மீனான மஹ்சீருக்கு இந்தப் பேச்சு ஆகாது. 1946இல் கபினியில் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. மைசூரில் புலிகளைப் பாடம் பண்ணிய அதே குடும்பம். அந்தக் கூன்முதுகு மஹ்சீர் 2018லிருந்து ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. நம் பக்கத்துக் காவிரிச் சரணாலயங்களுக்குள் தூண்டிலோடு போகவே கூடாது.

ஃபைபரில் மாதிரி செய்து வாங்குபவர்களுக்கு ஒன்று. நீளம் மட்டும் போதாது, உடம்பு பெருத்த இடத்தில் சுற்றளவும் வேண்டும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், செவுளில் விரல் விடாதீர்கள். தூக்கியதும் இரண்டு பக்கமும் படம், துடுப்பை விரித்து இன்னொன்று. நிறம் சீக்கிரம் மங்கிவிடும். பாடம் பண்ணினாலும் அது நிற்காது, கடைசியில் பெயிண்ட்தான். எடை வேண்டுமா? சுற்றளவை அதே சுற்றளவாலும் நீளத்தாலும் பெருக்கி 800ஆல் வகுங்கள். எல்லாம் அங்குலத்தில், வருவது பவுண்டு. நீளம் 32, சுற்றளவு 25 என்றால் 25 பவுண்டு, 11 கிலோ சொச்சம். தோராயம்தான்.

என் கதையா? அளந்து, படம் எடுத்து, மீனை விட்டேன். பின்னாலேயே போனும் ஆற்றில் விழுந்தது.

ஓசூர் தூண்டில்:
தையல் டேப்பால் சுற்றளவும் எடுத்தேன் சார். மாமனாருக்குத்தான் வகுத்தல் கணக்கு ஏறாது.

பாலக்கோட்டான்:
சதை எங்கே போச்சு என்று இதுவரை தோன்றவே இல்லை. இப்போது அதே நினைப்பாக இருக்கிறது. இரண்டு கோட்டிங் அடித்தும் சுவரில் அந்த மஞ்சள் தெரிகிறது, அதற்கு யாராவது வழி சொல்லுங்கப்பா.