டிஸ்சார்ஜ் ஆன பிறகு மாத்திரைக் கணக்கை யார் பார்ப்பது? உறுப்பினர் அனுபவங்கள்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

மாரடைப்பு வந்த எங்கள் தந்தையாருக்குத் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் (இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து, நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உண்டு. அவற்றுக்கான மாத்திரைகளை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். மருத்துவமனை எழுதிய புதிய மாத்திரைகளும் அந்தப் பழைய மாத்திரைகளும் ஒரே டப்பாவில் சேர்ந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு மட்டும் எவரிடமும் இல்லை.

சில வாரங்களில் கால்கள் வீங்கின. இதயம் மறுபடியும் சோர்ந்துவிட்டதோ என்று நாங்கள் கலங்கியிருந்தபோது, மாதாந்திர வருகைக்கு வந்த தன்னார்வலர் டப்பாவைத் திண்ணையில் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பொடியெழுத்துகளை வாசித்தார். “அண்ணாச்சி, இதுவும் அம்லோடிபின், அதுவும் அம்லோடிபின்லா. கம்பெனிப் பேருதான் வேற” என்றார். தாமாக எதையும் நிறுத்தச் சொல்லாமல், இரண்டு அட்டைகளையும் படமெடுத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு அனுப்பினார். அந்த இரத்த அழுத்த மருந்து அளவு மிஞ்சினால் காலை வீங்க வைக்கும் என்று விளக்கி, மருத்துவர் ஒன்றை நிறுத்தினார், வீக்கமும் வடிந்தது.

அதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது. இதய இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்திய சாயத்தை முன்னிட்டு, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தியிருந்தார்கள். 48 மணி நேரம் கழித்து, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை பார்த்து, சிறுநீரகம் சீராக இருந்தால் மீண்டும் தொடங்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியின் (வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம்) கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பரிசோதனையும் அங்கேயே நடந்திருக்கிறது. ஆனால் முடிவு மருத்துவமனைக் கணினியிலேயே தங்கிவிட, இங்கே சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது.

தந்தையாருக்கு 14 இலக்க ஆபா எண் (மருத்துவப் பதிவுகளை இணைக்கும் தேசிய டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இருந்ததும், அந்த மருத்துவமனை தன் பதிவுகளை அதனுடன் இணைத்திருந்ததும் கைகொடுத்தன. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில் நோயாளியின் ஆவணங்கள் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. எழுதிய இடத்திலேயே இருக்கும், நோயாளி இசைந்தால்தான் பிறர் பார்க்க முடியும். நல்ல ஏற்பாடுதான். எங்கள் வீட்டிலோ, தந்தையாரின் ஆதாரில் தம்பியின் கைப்பேசி எண் இருந்ததால் ஓடிபி சென்னைக்குப் போனது. இரவுப் பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, செயலியைத் திறக்க வைத்து, முடிவை வாட்ஸ்அப்பில் வாங்கி மருத்துவரிடம் காட்டினோம். மெட்ஃபார்மின் அன்றே தொடங்கியது.

என்னைக் கேட்டால், சம்மரியின் முதல் பக்கத்திலேயே புதிதாகச் சேர்த்தவை, தொடர்பவை, நிறுத்தியவை என மூன்று பத்திகள் வேண்டும். நிறுத்தியதற்கு எதிரே காரணமும் வேண்டும். அது இல்லாத சம்மரியைக் கணினியில் ஏற்றினாலும் காகிதத்தில் கொடுத்தாலும் ஒன்றுதான்.

தென்காசியிலிருந்து:

என் அத்தைக்கு ஸ்டென்ட் வைத்த சில மாதங்களில் பல் பிடுங்க வேண்டி வந்தது. இரத்தம் நிற்காது என்று பயந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளான ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சில நாள் நிறுத்திவிடலாம் என்று உறவினர்கள் யோசனை சொன்னார்கள். பல் மருத்துவர் சம்மரியைக் கேட்டார். அது என் கைப்பேசியில் பிடிஎஃப் கோப்பாக இருந்தது. ஸ்டென்டின் வகையையும் வைத்த தேதியையும் பார்த்தவர், இதய மருத்துவரிடம் பேசிவிட்டு, நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு என்று கூறி, மாத்திரைகளை நிறுத்தாமலேயே பல்லை எடுத்தார். பஞ்சைச் சற்றுக் கூடுதல் நேரம் கடித்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வள்ளியூர்ப் பக்கம் பணிபுரியும் செவிலியர் ஒருவர்:

எங்களிடம் வரும் சம்மரிகளில் பல, மடித்த தாளைக் கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்கள், அளவு 2.5 என்பது 25 போலத் தெரியும். டிஸ்சார்ஜ் அன்றே பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் கேட்பதற்கான வார்டு எண்ணையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முதியவரின் ஆதாரில் வெளியூர்ப் பிள்ளையின் எண் இருந்தால், ஆதார் மையத்துக்கு அவரையே அழைத்துச் சென்று, வீட்டில் உடனிருப்பவரின் எண்ணாக மாற்றிவிடுங்கள்.