அக்கா நினைவாக ஒரு நடை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அக்கா சிறுநீரக நோயால் போன வருடம் காலமானா. கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ் (மெஷினால் இரத்தம் சுத்திகரிப்பது), ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். சிகிச்சைக்குக் காசு எடுக்கவில்லை. ஆனால் போய்வர ஓட்டோவுக்குக் கொடுத்தே வீடு தளர்ந்துபோனது. நடக்கவே ஏலாத ஆளை பஸ்ஸில் எப்படி ஏற்றுவது?

அதனால் அவ நினைவாகத் திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வரை நடந்து, சேரும் காசை இப்படியான நோயாளரின் பயணச் செலவுக்குக் கொடுக்கலாம் என்று மச்சானும் நானும் நினைத்திருக்கிறோம். 50 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். இரண்டு நாளில் முடிக்கலாம், இரவு குச்சவெளியில் தங்கலாம் என்பது கணக்கு. மச்சானுக்கு ஒரே நாளில் முடிக்க ஆசை. அது வீண் வீம்பு என்பேன்.

மாரி மழை ஓய்ந்த பிறகு, மாசி பங்குனியில் நடப்பதுதான் சரி என்று படுகிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் அந்த வீதியில் வெயிலும் மணலும் முகத்தில் அடிக்கும்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்கள் இங்கே இருப்பீர்கள். கால் கொப்பளிக்காமல் இருக்க என்ன செய்தீர்கள்? சப்பாத்தா, செருப்பா? இறக்கக்கண்டிப் பாலம் தாண்டினால் நிழலும் தண்ணியும் எங்கே கிடைக்கும்? பின்னால் வர ஒரு வாகனமும் தேவை, டீசல் நாங்கள் அடிப்போம். அப்புறம் முக்கியமானது, காசுக் கணக்கு. எங்கள் குடும்பத்தில் இல்லாத ஒருவர் பொறுப்பெடுத்தால் நல்லது. ஆசிரியர், வங்கியில் வேலை செய்தவர் யாராவது முன்வருவீர்களா?