பழைய மணி பிளான்ட் வெளிறிவிட்டது: உரமா, மண் மாற்றமா?

ஜன்னலோரம்: 8 அங்குலத் தொட்டியில் ஐந்து வருட மணி பிளான்ட். குருத்து இலைகள் வெளிர் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. ஊற்றுவது போர் தண்ணீர். எப்சம் உப்பு கொடுத்தும் மாறவில்லை. உரம் போதுமா, மண்ணையே மாற்றணுமா?

தொட்டிமண்: எப்சம் உப்பை நிறுத்துங்க. அதில் இருப்பது மக்னீசியமும் கந்தகமும்தான். மக்னீசியம் குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி நகராது. குருத்து வெளிறி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. இரும்பு இடிடிஏ (EDTA, செடி எளிதில் எடுக்கும்படி பிணைத்த இரும்பு உரம்) லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, மாலையில் இலையின் இரு பக்கமும் தெளியுங்க. பத்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று தடவை.

வேர்முடிச்சு: வேரைப் பார்க்காமல் மருந்து சொல்வது தப்பு சார். அழுகின வேரும் இரும்பை எடுக்காது, குருத்து இதே மாதிரி வெளிறும். தொட்டியைச் சாய்த்து, ஓரத்தைத் தட்டி, மண்கட்டியோடு உருவிப் பாருங்க. நல்ல வேர் வெளுப்பாக, நிமிண்டினால் கெட்டியாக இருக்கும். அழுகின வேரை இழுத்தால் மேல்தோல் கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும், சாக்கடை வாடை அடிக்கும். அதை எல்லாம் வெட்டிவிட்டு, அதே 8 அங்குலத் தொட்டியில் செம்மண், அலசிய தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் சம பங்கு கலந்து வையுங்க. அழுகல் இல்லாமல் வேர் சுருண்டு அடைத்திருந்தால் மட்டும் 10 அங்குலம். அதற்கு மேல் போனால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும்.

தொட்டிமண்: வேரைப் பார்க்கட்டும், அதில் சண்டை இல்லை. மண்ணை மாற்றினால் தீர்ந்தது என்பதைத்தான் மறுக்கிறேன். உப்புப் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். ஊற்ற ஊற்ற மண்ணில் காரம் ஏறி, இரும்பு இருந்தும் கரையாது. புது மண்ணும் சில மாதத்தில் அதே நிலைக்கு வரும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்க, இருந்தால் அது இந்தத் தண்ணீரின் உப்பு. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போடச் சொல்வார்கள், கார மண்ணில் அது சீக்கிரமே செடிக்கு எட்டாத துருவாகிவிடும். மண்ணுக்கு ஊற்றுவதென்றால் இடிடிஎச்ஏ (EDDHA, கார மண்ணிலும் பிணைப்பு விடாதது) வகை இரும்புதான் நிற்கும்.

நிழல்தோட்டம்: ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆர்.ஓ. கழிவு நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரை விட அதில் உப்பு அதிகம், தயவுசெய்து வேண்டாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால், தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வடிய விடுங்க. வேர் நன்றாக இருந்தால் மட்டும்; அழுகல் இருக்கும்போது செய்தால் செடி போய்விடும்.

வேர்முடிச்சு: தண்ணீர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இவ்வளவு பழைய கொடியில் அடித்தண்டு மொட்டையாகத்தான் நிற்கும், எந்த இரும்பும் அங்கே இலையைக் கொண்டுவராது. நுனியில் இரண்டு கணு விட்டு வெட்டி, கீழ்க்கணு முங்கும்படி தண்ணீரில் வையுங்க. நான்கு வாரத்துக்குள் வேர் வரும், அதே தொட்டியில் தாய்க்கொடி பக்கத்திலேயே நடலாம். சாறு பட்டால் கை அரிக்கும், கையுறை போட்டுக்கோங்க.

தொட்டிமண்: வெளிறின நுனியை உடனே வெட்டாதீங்க. ஒரு தடவை இரும்பு தெளித்து, அடுத்த குருத்து பச்சையாக விரிந்த பிறகு வெட்டினால் துண்டுக்குத் தெம்பு இருக்கும்.