அறிபுனையில் ஜான் கீட்ஸ்: மறுபிறப்பா, இரண்டாவது மரணமா?

கார்முகில்:

டான் சிம்மன்ஸின் 'ஹைப்பீரியன்' (1989), அதன் தொடர்ச்சியாக 1990இல் வந்த இரண்டாம் நாவல் ஆகிய இரண்டையும் வாசித்த பிறகு எனக்கு எழுந்திருக்கும் ஆட்சேபத்தை இங்கே வைக்கிறேன். முடிவுகளும் பேசப்படும் என்பதால் வாசிக்காதவர்கள் கவனத்தில் கொள்ளவும்.

மனிதர்கள் எண்ணற்ற கோள்களில் பரவி வாழும் எதிர்காலத்தில் கதை நடக்கிறது. மனிதர்களிடமிருந்து பிரிந்து தனி வல்லரசாகிவிட்ட செயற்கை நுண்ணறிவுகளின் கூட்டம், 1821இல் தம் இருபத்தைந்தாம் வயதில் இறந்த ஆங்கிலக் கற்பனாவாதக் கவிஞர் ஜான் கீட்ஸின் ஆளுமையை மீட்டுருவாக்கி, மனித மரபணுவிலிருந்து வளர்த்த உடல் ஒன்றில் குடியேற்றுகிறது. நாவல் அதற்கு 'சைப்ரிட்' என்று பெயர் வைத்திருக்கிறது. முதல் சைப்ரிட்டின் பெயர் ஜானி. தன்னைக் கொலை செய்தவர் யார் என்று கண்டுபிடித்துத் தரும்படி ஒரு துப்பறியும் பெண்ணை அவன் அமர்த்துகிறான். இரண்டாவது சைப்ரிட், கீட்ஸின் மரணப் படுக்கையருகே இருந்த ஓவிய நண்பர் ஜோசப் செவர்னின் பெயரைச் சூடிக்கொண்டு வருகிறான்.

1818 அக்டோபர் 27 அன்று ரிச்சர்ட் உட்ஹவுஸுக்கு எழுதிய கடிதத்தில், கவிஞனுக்கென்று ஒரு சுயம் கிடையாது, அவன் எப்போதும் வேறொரு உடலை நிரப்பிக்கொண்டிருப்பவன், ஆகையால் இருப்பவற்றிலேயே கவித்துவம் மிகக் குறைந்தவன் அவன்தான் என்று கீட்ஸ் சொல்கிறார். தமக்குச் சுயம் இல்லை என்று இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த ஒருவரின் கடிதங்களையும் கவிதைகளையும் அடுக்கி, அவற்றிலிருந்து அவருடைய சுயத்தை மீட்டுவிட்டோம் என்று ஒரு கதை சொன்னால், அது அவருடைய ஆகப் பெரிய சிந்தனையையே மறுக்கிறது என்பதுதான் என் வாதம். மீட்கப்படுவது நோயுற்ற, காதலில் தோற்ற, வசைபாடப்பட்ட இளைஞன் என்ற பழைய சித்திரம் மட்டுமே. அந்தச் சித்திரத்தில் கவிதை எழுதும் ஆள் இல்லை.

நெய்தல்:

கார்முகில் அவர்களே, நீங்கள் எடுத்துக்காட்டிய அதே கடிதம்தான் சிம்மன்ஸின் தேர்வு சரியானது என்பதற்கு என்னுடைய முதல் சான்று. கீட்ஸின் சமகாலக் கவிஞர் பைரனை மீட்டுருவாக்கியிருந்தால் ஒரு பைரன் மட்டுமே கிடைத்திருப்பார். கீட்ஸோ கூடுவிட்டுக் கூடு பாயும் இயல்பைக் கவிஞனின் இலக்கணமாகவே வகுத்தவர். 1817 நவம்பரில் நண்பர் பெய்லிக்கு எழுதிய கடிதத்தில், சன்னலருகே ஒரு சிட்டுக்குருவி வந்தால் அதன் இருப்பில் தாமும் பங்கேற்றுச் சரளைக் கற்களைக் கொத்துவதாகச் சொல்கிறார். இரண்டாவது நாவலில் சைப்ரிட் என்ன செய்கிறான்? மிகத் தொலைவில் உள்ள ஒரு கோளில் 'காலக் கல்லறைகள்' என்ற மர்மக் கட்டடங்களை நோக்கிச் சென்ற யாத்ரீகர்களின் வாழ்வைக் கனவில் காண்கிறான். அவர்களுடைய வலியை அவர்களாகவே இருந்து உணர்கிறான். கதையின் பெரும்பகுதி அந்தக் கனவுகளின் வழியாகத்தான் நமக்கு வந்து சேருகிறது. சுயமற்றவன் என்ற கடித வரியை ஒரு நாவலின் கதைசொல்லும் முறையாகவே மாற்றிக்காட்டிய வேறொரு படைப்பை நான் வாசித்ததில்லை.

இரண்டாவது சான்று இன்னும் முக்கியமானது. கீட்ஸ் 'ஹைப்பீரியன்' என்ற நெடுங்கவிதையை இரண்டு முறை தொடங்கினார், 1819இல் இரண்டையும் கைவிட்டார். முதல் வடிவம் மூன்றாம் காண்டத்தில், அப்பல்லோ வேதனையில் துடித்துக் கடவுளாக மாறும் கணத்தில், வாக்கியம் முடியாமலேயே நின்றுவிடுகிறது. பழைய தெய்வங்களான டைட்டன்கள் ஒலிம்பியர்களிடம் தோற்று வீழ்ந்ததே அதன் பொருள். வீழ்ந்தவர்களின் சபையில் கடல் தெய்வம் ஓஷியானஸ் எழுந்து, நாம் நமக்கு முந்தியவர்களைவிட அழகில் உயர்ந்ததால் வென்றோம், நம்மைவிட அழகில் உயர்ந்தவர்கள் இப்போது வந்துவிட்டார்கள், ஆகவே வலிமையும் அவர்களுக்கே உரியது, இதுவே நியதி என்று சொல்கிறது. தோற்றவன் வாயிலிருந்து கசப்பே இல்லாமல் வரும் இந்தப் பேச்சு ஆங்கிலக் கவிதையின் மிக விசித்திரமான இடங்களில் ஒன்று என்பேன்.

சிம்மன்ஸ் இதை மனிதர்களுக்கும் இயந்திரங்களுக்கும் இடையிலான கேள்வியாக மட்டும் வைத்திருந்தால் அது எவரும் செய்யக்கூடியதாக இருந்திருக்கும். இயந்திரங்களுக்குள்ளேயே பிளவு இருக்கிறது: தங்களைவிட மேலான ஓர் இறுதி நுண்ணறிவைப் படைத்து அதற்கு வழிவிட வேண்டும் என்று ஓர் அணி, வழிவிட மறுக்கும் இன்னோர் அணி. இயந்திரங்களும் டைட்டன்களே! அந்தச் சபையில் ஓஷியானஸாக யார் பேசுவது என்ற கேள்விக்கு விடை தேடித்தான் அவை கீட்ஸைக் கூப்பிட்டன என்று நான் வாசிக்கிறேன். இது அவருடைய நோயைப் பற்றிய கதை அல்ல, முடிக்காமல் விட்ட அவருடைய சிந்தனையைப் பற்றிய கதை.

துலாக்கோல்:

இருவரும் 1989இலிருந்து தொடங்குகிறீர்கள். கீட்ஸை அறிவியல் கருவியோடு சேர்த்த மிகச் சிறந்த கதை என் பார்வையில் 1902லேயே வந்துவிட்டது: ரட்யார்ட் கிப்ளிங்கின் 'கம்பியில்லாத் தந்தி' என்ற சிறுகதை. அதை வாசித்தவர்கள் இங்கே குறைவாக இருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடற்கரை ஊர் ஒன்றில், கடுங்குளிர் இரவில், ஒரு மருந்துக்கடை. பின்னறையில் ஓர் இளைஞர் மார்க்கோனியின் கருவியை வைத்துக்கொண்டு பூல் நகரத்திலிருந்து வரவேண்டிய சைகைக்காகக் காத்திருக்கிறார். முன்னறையில் காசநோயால் இருமிக்கொண்டிருக்கும் ஷேனர் என்ற கடை உதவியாளர். அவர் காதலிக்கும் பெண்ணின் பெயர் ஃபேனி பிராண்ட். கீட்ஸ் மருந்தாளுநர் உரிமம் பெற்றவர் என்பதும், அவருடைய காதலியின் பெயர் ஃபேனி பிரான் என்பதும் நமக்குத் தெரியும். மருந்து கலந்த பானம் ஒன்றால் மயங்கிய ஷேனர், எழுதுகோலை எடுத்து, 'புனித ஆக்னஸின் முந்தைய இரவு' கவிதையின் வரிகளைத் திணறித் திணறி, அடித்து, திருத்தி, தாமே படைப்பவரைப்போல் எழுதுகிறார். பிறகு விழித்ததும், கீட்ஸ் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்கிறார்.

கிப்ளிங்கின் கதைசொல்லி இதற்குச் சொல்லும் விளக்கம், ஒரே காரணங்கள் கூடினால் ஒரே விளைவு பிறக்கும் என்பது. கீட்ஸின் ஆளுமை அங்கே யாருக்குள்ளும் புகவில்லை. கவிதை மட்டுமே, தான் பிறப்பதற்கேற்ற இன்னொரு உடலைத் தேடி வந்திருக்கிறது. கார்முகிலின் ஆட்சேபம் இந்தக் கதையைத் தொடவே முடியாது. அதற்குப் பின் வரும் பகுதிதான் என்னை இன்றும் உலுக்குகிறது. பூலிலிருந்து சைகை வருவதற்கு முன், போர்ட்ஸ்மத் அருகே கடலில் நிற்கும் இரண்டு போர்க்கப்பல்கள் பேச முயல்வது கருவியில் கேட்கிறது. ஒன்றின் சைகையை மற்றொன்றால் படிக்க முடியவில்லை, ஆனால் இரண்டின் சைகைகளையும் இந்த அறையில் படிக்க முடிகிறது. கவிதை நூற்றாண்டைத் தாண்டி வந்து சேரும் விதமும் இப்படித்தான், துண்டு துண்டாக, உரியவரல்லாத ஒருவரின் காதில்.

கார்முகில்:

துலாக்கோல் ஐயா சொன்ன கதையை நானும் உயர்வாகவே மதிக்கிறேன். அங்கே கீட்ஸ் இல்லாமலேயே கீட்ஸின் கவிதை நிகழ்கிறது. சிம்மன்ஸிடம் கவிதை இல்லாமலேயே கீட்ஸ் நிகழ்கிறார். நெய்தல் சொன்ன ஓஷியானஸ் வாதம் வலுவானது. ஆனால் அந்தச் சிந்தனைக்கு ஓர் உடலும் மறுபடியும் ஒரு மரணமும் எதற்கு?

இரண்டாவது நாவலின் பிற்பகுதியில், பழைய பூமியைப் போலவே உருவாக்கப்பட்ட ஓர் உலகுக்கு சைப்ரிட் கொண்டுசெல்லப்படுகிறான். அங்கே ரோம் நகரம், ஸ்பானியப் படிக்கட்டுகள், அதன் அருகே அதே சிறிய அறை. அருகில் லீ ஹண்ட் என்ற பெயருடைய அதிகாரி மட்டும். பக்கம் பக்கமாக ரத்தம் கக்கி, 1821 பிப்ரவரியில் நடந்ததை அப்படியே மீண்டும் வாழ்ந்து அவன் சாகிறான். செவர்னின் கடிதங்களில் உள்ள வேதனையை எடுத்து ஒரு விண்வெளி நாவலின் உச்சக்காட்சியாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

நாடி:

நான் மருத்துவன். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த மரணக் காட்சியைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

கீட்ஸ் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்று, அறுவை மருத்துவரின் உதவியாளராகக் கட்டுப்போடும் பணி செய்து, 1816இல் மருந்தாளுநர் உரிமம் பெற்றவர். 1818 டிசம்பரில் அவருடைய தம்பி டாம் காசநோயால் இறக்கும் வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவரும் அவரே. ஆகவே 1820 பிப்ரவரி 3 இரவு, இருமலில் வந்த ஒரு துளி ரத்தத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்ததும், இந்த நிறம் எனக்குத் தெரியும், இது தமனி ரத்தம், இதுதான் என் மரண ஆணை என்று நண்பர் பிரவுனிடம் அவரால் அமைதியாகச் சொல்ல முடிந்தது. ரோமில் டாக்டர் ஜேம்ஸ் கிளார்க் தொடக்கத்தில் வயிற்றைத்தான் சந்தேகித்தார். ரத்தம் வடித்தார், உணவைப் பட்டினி அளவுக்குக் குறைத்தார். இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது நுரையீரல்கள் முற்றிலும் அழிந்திருந்தன. வலியை முடித்துக்கொள்ள கீட்ஸ் வாங்கிவைத்திருந்த அபினிக் கரைசலைச் செவர்ன் கொடுக்க மறுத்து, மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டார். நோய்க்கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் கண்டது 1882இல்தான்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம், கீட்ஸின் மரணத்தில் தனித்தன்மையானது நோய் அல்ல, நோயின் ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே அறிந்திருந்த மனம் என்பதுதான். சைப்ரிட்டின் நிலையும் அதுவே. முன்னவர் டாமின் மரணத்தில் படித்த பாடத்தை, பின்னவன் முன்னவரின் வரலாற்றில் படித்திருக்கிறான். அடுத்து என்ன வரும் என்பது அவனுக்குத் தெரியும். நோயாளியே மருத்துவ அறிவு உள்ளவராக இருக்கும்போது அந்த அறையில் நிலவும் அமைதி எப்படிப்பட்டது என்பதை நான் பார்த்திருக்கிறேன். நாவல் அதைப் பொய்யில்லாமல் எழுதியிருக்கிறது. உருக்கத்துக்காகச் சேர்த்த காட்சியாக எனக்கு அது படவில்லை.

கார்முகில்:

நாடி அவர்கள் சொன்ன மருத்துவனான கீட்ஸைத்தான் நானும் கேட்கிறேன். வியப்பு என்னவென்றால், உயிரோடு இருக்கும்போதே அவரை நோஞ்சானாக்கும் வேலை தொடங்கிவிட்டது. 1820 தொகுப்பின் முன்குறிப்பில், முந்தைய நூலுக்குக் கிடைத்த வரவேற்பால் மனம் உடைந்துதான் 'ஹைப்பீரியனை' அவர் தொடரவில்லை என்று பதிப்பாளர்கள் எழுதினார்கள். ஒரு பிரதியில் அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, இது பொய் என்று கீட்ஸ் தம் கையாலேயே எழுதினார். ஆனாலும் கவிஞர் ஷெல்லி கீட்ஸுக்காக எழுதிய இரங்கற்பாவின் முன்னுரை, வசை விமர்சனமே அவருடைய நோயைக் கிளப்பியது என்ற கதையை நிலைநிறுத்தியது. பைரன் அதையே கேலியாக்கினார். இரு நூற்றாண்டுகளாக மற்றவர்கள் எழுதிவரும் கீட்ஸின் சாவுக்கு இன்னொரு பிரதி எடுப்பதற்கு எதிர்கால இயந்திரங்கள் எதற்கு?

இதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். சிம்மன்ஸின் இரண்டாவது சைப்ரிட் படம் வரைகிறான். காவியம் எழுதும் வேலை மார்ட்டின் சைலீனஸ் என்ற வேறொரு பாத்திரத்துக்குப் போய்விடுகிறது. கவிஞரை எழுப்பிவிட்டு எழுதுகோலை மற்றவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அறிபுனைக்கு எதையும் செய்யும் உரிமை இருக்கும்போது, அவருக்கு ஓர் ஐம்பது வயதைக் கொடுத்து, 'ஹைப்பீரியனின்' நான்காம் காண்டத்தை எழுதும் மேசையில் அவரை உட்காரவைத்திருக்கலாமே!

நெய்தல்:

ஐம்பதைத் தாண்டிய கீட்ஸ் ஏற்கெனவே இருக்கிறார். வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய 'வேறுபாட்டுப் பொறி' (1990) நாவலில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் பாபேஜின் கணிப்பொறி வெற்றிபெற்று, பைரன் பிரதமராகவே ஆகிவிட்ட மாற்று வரலாற்று இங்கிலாந்தில், கீட்ஸ் 1855இல் உயிரோடு நடமாடுகிறார். துளையட்டைகளால் இயங்கும் படக்காட்சிக் கருவியை இயக்கும் தேர்ந்த வல்லுநர் அவர். தோழரே, நீங்கள் கேட்ட நீண்ட ஆயுள் அங்கே கிடைத்தது, கவிதை போய்விட்டது. பிழைப்புக்காக மருத்துவத்திலேயே தங்கியிருந்தால் அவருக்கு நேர்ந்திருக்கக்கூடியது அதுதான் என்பதால், அந்தச் சின்னஞ்சிறு பாத்திரம் என்னை மிகவும் வருத்தியது.

சைப்ரிட் எழுதாதது பற்றி. 'ஹைப்பீரியனின்' இரண்டாம் வடிவத்தில், பலிபீடத்தின் படிகளில் ஏறும் கனவுகாண்பவனிடம் மொனீட்டா என்ற தேவி, கவிஞனும் கனவுகாண்பவனும் வேறு வேறு, ஒருவன் உலகின் காயத்துக்கு மருந்து ஊற்றுகிறான், மற்றவன் உலகைக் கலக்குகிறான் என்று கடிந்துகொள்கிறாள். பிறருடைய துன்பத்தைத் தன் துன்பமாகக் கொண்டு உறக்கமிழந்தவர்களைத் தவிர யாரும் அந்தப் படிகளில் ஏற முடியாது என்பதும் அவளுடைய சொல்தான். மொனீட்டா என்ற பெயரிலேயே ஒரு பாத்திரம் சிம்மன்ஸிடம் இருக்கிறாள் என்பது தற்செயல் அல்ல. பிறர் துன்பத்தைக் கனவில் சுமப்பவனாகவும், அதைப் பாடுபவனாகவும் ஒரே ஆளை அவர் இரண்டாகப் பிரித்தது, கீட்ஸ் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட அந்தக் குற்றச்சாட்டிலிருந்து வருகிறது.

துலாக்கோல்:

இரண்டாவது மரணத்தைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். கவிஞனை எதிர்காலத்தில் நிறுத்திப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் மேரி ஷெல்லி முதன்மையானவர். கொள்ளைநோயால் மனித குலம் அழியும் இருபத்தோராம் நூற்றாண்டைப் பற்றி 1826இல் அவர் எழுதிய 'கடைசி மனிதன்' நாவலின் ஏட்ரியன், அவருடைய கணவர் பெர்சி ஷெல்லியின் சாயலில் படைக்கப்பட்டவன். ஷெல்லி 1822 ஜூலையில் ஸ்பெட்சியா வளைகுடாவில் படகு கவிழ்ந்து இறந்தார். கரையொதுங்கிய உடலின் சட்டைப்பையில் இருந்தது, கீட்ஸின் 1820 தொகுப்பு. ஏட்ரியனும் கடலில்தான் மூழ்குகிறான். அவனைக் காப்பாற்றும் உரிமை மேரிக்கு முழுமையாக இருந்தது. அவர் காப்பாற்றவில்லை.

கார்முகில்:

மேரி ஷெல்லி அந்த மரணத்தோடு வாழ்ந்தவர். அவருடைய பக்கங்களில் அது துக்கம். சிம்மன்ஸின் ரோமில் அந்த உரிமை இல்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. மொனீட்டாவின் கடிந்துரையைப் பற்றி நெய்தல் சொன்னதை மட்டும், கீட்ஸின் இரண்டாம் வடிவத்தையும் சைலீனஸ் வரும் அத்தியாயங்களையும் அருகருகே வைத்து மறுபடி வாசித்துவிட்டு இதே இழையில் எழுதுகிறேன். அதற்குள் நாடி அவர்கள் கைஸ் மருத்துவமனைக் காலத்துக் கீட்ஸைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்கினால் மகிழ்வேன்.