.44 மேக்னம் சுட்டா கையத் தூக்கி அடிக்குது, எப்படி சமாளிக்கிறது?

தோட்டத்துப்பையன்:
அண்ணன்மாரே வணக்கம். சுங்கை சிப்புட் எஸ்டேட் பக்கம் நம்ம வீடு. கிளப் ரேஞ்சுல .38 ரிவால்வர் நல்லா பழகிட்டேன், இப்போ அதைவிட பெரிய, வேகமான தோட்டா போடுற .44 மேக்னம் ரிவால்வர் குடுத்தாங்க, ஒவ்வொரு வெடிக்கும் முனை மேல பறக்குது, பெருவிரல் இடுக்குல தோல் செவந்துபோச்சு, ஆனா குண்டு எல்லாம் டார்கெட்டுக்கு கீழதான் விழுது. கைல பலம் பத்தலையா?

பழையகை:
பலம் இல்ல தம்பி, பயம். வெடிக்கிறதுக்கு முன்னாடியே மணிக்கட்டு கீழ அமுக்குது. கூட்டாளிகிட்ட சொல்லி நடுநடுவுல சுட்ட காலி தோட்டாவையும் சிலிண்டர்ல (தோட்டா போடுற சுழல் உருளை) போட்டு மூடித் தரச்சொல்லு, நீ பாக்காத. ரிவால்வர் பின்னாடி தோட்டாவ அடிக்கிற சுத்தியல் காலி மேல விழும்போது முனை குனிஞ்சா காரணம் அதான். அப்புறம் .44 ஸ்பெஷல் தோட்டா அதே ரிவால்வர்ல போகும், உதை ரொம்ப கம்மி, அதுல ஆரம்பி லா.

ரப்பர்மரம்:
பிடியை சுத்தியல் இடிக்காத அளவுக்கு மேல ஏத்திப் பிடிங்க. குழல் கைக்கு மேல எவ்வளவு உயரமா நிக்குதோ அவ்வளவு நெம்பும். இடது கைதான் இறுக்கமா இருக்கணும், முழங்கைய கட்டை மாதிரி விறைக்காதீங்க. முக்கியமா பெருவிரல முன்னால நீட்டாதீங்க, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல உள்ள இடுக்குல சூடான கேஸ் பீச்சும், விரலக் கிழிச்சிரும்!

பழையகை:
ஆமா, அது ரொம்ப முக்கியம். புதுசா மேக்னம் சுடுறப்ப ஒரே ஒரு தோட்டா மட்டும் போடு தம்பி, உதையில விரல் தானா ரெண்டாவது தடவ இழுத்துட்டா குண்டு எங்க போகும்னு தெரியாது.